கழுத்து ஒன்றரை அங்குலம் கூடிய கதை

1.
இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. கால்சட்டை நீளம் குறைக்கப் போன தையற்கடையில் ஓசியில் கேட்டது. சொன்னது கடைக்காரரின் தங்கை. கதை அந்தத் தங்கையின் அண்ணியை, அதாவது கடைக்காரரின் மனைவியைப் பற்றியது. கேட்டதும் என் மேதாவித்தனம் இப்படி ஆரம்பித்தது:

நாற்பத்தாறு வயதில், யாரும் நேசிக்காத ஒரு பெண்ணின் மனம் மெல்ல உடைந்து…

(த்தூ. அடித்துவிட்டேன். உடைந்தது மனம்தானா என்று நான் போய்ப் பார்த்தேனா?)

2.
நடந்தது இதுதான். அண்ணி அதே கடையில் துணி வெட்டுகிறவள். ஒரு வருடமாக “குளிருது, குளிருது” என்றாள். குரல் கம்மியது, நடை தளர்ந்தது. பிறகு, தன் டீயில் பக்கத்து மெஷின்காரி எதையோ கலக்கிறாள் என்று சண்டை. பெரிய டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ‘மனச்சிதைவு’ என்று சீட்டில் எழுதினார். இரண்டாமவர் அந்தச் சீட்டைப் பார்த்து எழுதினார். மூன்றாமவர் இரண்டாமவருடையதைப் பார்த்து. பரீட்சையில் காப்பியடித்தால் வெளியே துரத்துவார்கள். இங்கே முத்திரை குத்திக் கொடுக்கிறார்கள்.*

* குளிர்? அதுவும் பிரமைதானாம்.

3.
திங்கட்கிழமை அவளை மனநல விடுதியில் விட்டுவிடுவதென்று முடிவாயிற்று. அங்கே போட்டுக்கொள்ள நாலு சட்டை வேண்டும். தங்கை அளவெடுத்தாள். பழைய நோட்டில் கழுத்து பதினாலு, இப்போது பதினைந்தரை.

“அண்ணா, அண்ணி ஒழுங்கா சாப்பிடறதே இல்ல. கழுத்து எப்படி ஒன்றரை இஞ்ச் ஏறும்?”

“டேப்பை ஒழுங்காப் பிடி.”

“இருபது வருஷமாப் பிடிக்கிறேன். நீயே வந்து தொட்டுப் பாரு.”

தொட்டார். தொண்டை தடித்திருந்தது. ரத்தத்தைச் சோதித்தால், தைராய்டு சுரப்பி கிட்டத்தட்ட படுத்தேவிட்டது. தினம் ஒரு மாத்திரை, அவ்வளவுதான் வைத்தியம். விடுதி ரத்து.

(என் அருமையான ‘உடைந்த மன’த்துக்குக் காரணம் ஒரு சுரப்பி. எழுதுகிறவனுக்கு இதைவிட மானக்கேடு வேண்டுமா?)

4.
முடிவு ஒன்று: அவள் குணமாகி எல்லாரையும் மன்னித்து [இல்லை, மன்னிக்கவில்லை.]

முடிவு இரண்டு: பெரிய டாக்டர் மனம் வருந்தி [சிரிக்காதீர்கள்.]

உண்மையில், ஆறு மாதத்தில் அவள் பழைய ஆளானாள். போன வாரம் புருஷன் ஒரு துணியைக் கோணலாக வெட்டிவைத்தார். “கண்ண எங்க வச்சுக்கிட்டு வெட்டினீங்க?” என்று கத்தினாள். யாராக இருந்தாலும் கத்துவார்கள்.

அவர் கேட்டார்: “காலையில மாத்திரை போட்டியா?”

மெஷின்கள் நின்றன.

அவள் சொன்ன பதில் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். ஒரு வருடம் அவளுக்காக டாக்டர்கள் பேசினார்கள், வீடு பேசியது, இப்போது நானும் வாய் ஓயாமல் பேசிவிட்டேன். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவள் இன்னும் பலமாகக் கத்துவதாக எழுதினாலும் சரி, தயவுசெய்து அதற்கு ஒரு வியாதியின் பேரை மட்டும் வைத்துவிடாதீர்கள்.