சாமி ஊரில் இல்லாதபோது நடவேண்டிய செடிகள்

1

அப்பாமேல் வந்த கோபத்தில் பிறந்தது இந்தக் கதை. நேரில் சொல்லப் பயம், அதனால் நோட்டில்.

முதல் தொடக்கம்: 'பனி உருகிய மலைச்சரிவில் ஓர் இளங்காலை—'

(அடித்துவிட்டேன். இளங்காலையில் நான் சாணி அள்ளிக்கொண்டிருந்தேன்.)

இரண்டாவது: எண்பது ஆப்பிள் கன்றுகள், நடும்வரை காயாதிருக்க, ஈரமண்ணில் வேர் புதைத்து வீட்டுக்குப் பின்னால் சாய்ந்து கிடக்கின்றன. குழிகள் தயார். மொட்டு உறங்கும்போதே நட்டுவிட வேண்டும். விழித்தபின் இடம் மாற்றினால் பிழைக்காது. இந்த வருடம் வெயில் வேறு முந்திக்கொண்டது.

ஆனால் எங்கள் ஊர்ச் சாமி தை பிறந்ததும் இந்திரன் சபைக்குப் போய்விடும். மாசியில்தான் திரும்பும். அதைக் கேட்காமல் அப்பா ஒரு செடியும் நட மாட்டார்.

2

"சாமி லீவுல போச்சு. செடிக்கு யாரு லீவு குடுத்தா?" என்றாள் அம்மா.

"சாமி வந்து, 'என்னைக் கேக்காம ஏண்டா நட்டே'ன்னு கேட்டா?"

"'எண்பது செடியை ஏண்டா கொன்னே'ன்னு கேட்டா?"

(இங்கே அப்பா கண்கலங்குவதாக எழுதியிருந்தேன். உண்மையில் மூக்கைச் சிந்தினார்.)

3

சாமியாடி கேவல் ராமைக் கதைக்குள் விட எனக்கு விருப்பமில்லை. யாரும் நம்பமாட்டீர்கள். ஆனால் மண் ஒட்டிய மண்வெட்டியோடு அவரே வேலியோரம் வந்துவிட்டார்.

"அண்ணே, நீங்க நட்டுட்டீங்களா?" அப்பாவின் குரல் கிறீச்சிட்டது.

"இருநூறும் நட்டாச்சு."

"யாரைக் கேட்டு?"

"யாரைக் கேக்கறது? அதான் ஊர்ல இல்லையே! நீயும் போய் நடுப்பா."

"சாமி உங்க மேல வந்து சொன்னா கேப்பேன். சாமி இல்லாதப்போ நீங்க வெறும் கேவல் ராம்தானே?"

சாமியாடி யோசித்தார். "அதுவும் சரிதான்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

(இவ்வளவுதானா? நானும் அப்படித்தான் கேட்டேன்.)

4

முடிவு அ: அப்பா மனம் மாறுகிறார். (எனக்கே சிரிப்பு வந்தது.)

முடிவு ஆ: சாமி முன்கூட்டியே திரும்பி— (எங்கள் ஊருக்குப் பேருந்தே நேரத்துக்கு வருவதில்லை.)

முடிவு இ: இப்போது நடப்பது. காலையில் ஒரு கன்றின் நுனிமொட்டில் வெள்ளி மினுங்கியது; மொட்டு விழிக்கத் தொடங்கிவிட்டது. அம்மா மண்வெட்டியை எடுத்து முதல் குழிக்குப் போய்விட்டாள். அப்பா கைகட்டி நிற்கிறார். தொடமாட்டாராம்.

"கோணலா இருக்கு பாரு."

"நீங்கதான் நடமாட்டீங்களே."

"நடலையே. சொல்றேன். ஐயோ, ஒட்டுக் கட்டின இடம் மண்ணுக்குள்ள போகுது! மேல தூக்குடி!"

செடியைப் பிடிக்க என்னைக் கூப்பிடுகிறார்கள். இன்னும் எழுபத்தொன்பது குழிகள். எத்தனையாவது குழியில் அப்பாவின் கட்டிய கை அவிழும் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டு கையும் வேண்டும்.