சென்னையின் உச்சிவேளை

கருத்தப்பாண்டி முழ உயர பைப் துண்டு ஒன்றைக் காலனி மைதானத்தின் நடுவில் நிறுத்தினார். நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, பைப் சாய்கிறதா என்று நாலு பக்கமும் பார்த்தார். சாயவில்லை. சித்திரை ஒன்றாம் தேதி வெயில் மண்டையைப் பிளந்தது. ஜனம் மட்டும் வந்துவிட்டால் போதும் என்று இருந்தது அவருக்கு.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தக் காலனியின் வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் காலையில் அவர் ஒரு சேதி போடுவார். மின்னல் எப்படி உண்டாகிறது, ஓட்டு மெஷின் எப்படி எண்ணுகிறது, தண்டவாளத்தில் ஏன் இடைவெளி விட்டார்கள், இப்படி. வேலை ராஜபாளையத்தில், ஒரு நூல் மில்லில் எலக்ட்ரீசியன். மகள் பிரசவத்துக்கு ஓசூர் போன மனைவி சுந்தரம்மாள், பேரனை விட்டு வர மனசில்லாமல் அங்கேயே தங்கிவிட்டாள். ஷிப்ட் முடிந்து வந்தால் வீட்டில் ஃபேன் சத்தம்தான். அவர் சேதிக்குக் கீழே யாராவது கட்டைவிரல் படம் போட்டால், அன்றைக்கு ஒரு ஆளோடு பேசின மாதிரி இருக்கும்.

போன மாசம் கோபுரத்தைப் பற்றி எழுதியதில்தான் வினை வந்தது. அரசு முத்திரையில் இருப்பது நம் ஊர்க் கோபுரம் என்கிறோம், மதுரைக் கோபுரத்தைப் பார்த்து வரைந்தது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், இரண்டு பேச்சும் உண்டு என்று போட்டுவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் உட்கார்ந்துகொண்டு எழுதுகிற காரியமா அது? அவரை மதுரைக்கே குடிபோகச் சொல்லுங்கள் என்று தங்கபாய் குரல் பதிவு அனுப்பினாள். தினமும் கூட நடக்க வருகிற ராக்கப்பன், நடக்கிற பாதையையே மாற்றிக்கொண்டார். குரூப்பை நடத்துகிறவர் ஹார்டுவேர் கடை வைகுண்டராஜ். ஆளாளுக்கு வருத்தப்படுகிறார்கள், இனி அட்மின் மட்டும் போடுகிற மாதிரி மாற்றிவிடலாமா என்று பார்க்கிறேன் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

"ஒரே ஒரு தடவ விடுங்க தம்பி" என்றார் கருத்தப்பாண்டி. "சித்திர ஒண்ணு அன்னைக்கு எல்லாரும் கண்ணால பாக்குற மாதிரி ஒண்ணு காட்டுதேன். பொறவு நீங்க சொல்றபடி."

அவர் காட்ட நினைத்தது நிழல் இல்லாத நாள். நம் பக்கத்து ஊர்களில் சூரியன் தினமும் உச்சிக்கு வருவதாக நினைக்கிறோம். நிஜத்தில் நடுப்பகலிலும் வடக்கிலோ தெற்கிலோ கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கும். வடக்கே போகும்போது ஒரு நாள், தெற்கே திரும்பும்போது ஒரு நாள், வருசத்தில் இரண்டே நாள்தான் உச்சந்தலைக்கு நேரே வரும். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அதில் ஒரு நாள் வருசப் பிறப்பை ஒட்டி விழுகிறது. தேதியை அவரே அட்சரேகையை வைத்துச் சரிபார்த்தார். நேரத்தை மட்டும் யாரோ அனுப்பிய ஒரு படத்திலிருந்து அப்படியே எடுத்துப் போட்டார். பன்னிரண்டு பத்து.

ஜனம் வரத்தான் செய்தது. கோயிலுக்குப் போய்வந்த புதுச்சேலையோடு தங்கபாய், அவளுடைய குடைக்குள் ஒண்டிக்கொண்டு பக்கத்து வீட்டு மாடத்தி, இன்னும் பத்துப் பதினைந்து பேர். எல்லாருக்கும் பின்னால் ராக்கப்பனும் நின்றார். அவரைப் பார்த்ததும் கருத்தப்பாண்டிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

பன்னிரண்டு பத்து ஆனது. பைப்புக்கு மேற்கே விரல் அகலத்துக்கு நிழல் கிடந்தது.

நிழல் இருக்கிறதே என்றாள் மாடத்தி. செத்த நேரம் பொறுங்கள் என்றார். பொறுத்தார்கள். நிழல் அங்கேயேதான் கிடந்தது.

"அது மதுர வெயிலா இருக்கும்" என்றார் ராக்கப்பன். "அதான் நம்ம ஊருல வேல செய்யல."

எல்லாரும் சிரித்தார்கள். தங்கபாய் குடையைத் திருப்பினாள். "வா ஏட்டி மாடத்தி, பாயாசம் ஆறிப்போகும்."

மைதானம் காலியானது. பைப்பை எடுக்கக் குனிந்தவர் அப்படியே நின்றார். நிழல் சிறுத்திருந்தது. முன்னே விரல் அகலம் இருந்தது இப்போது ஒரு பென்சில் கனம்கூட இல்லை.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அந்தப் படம் சென்னைக்காரர்களுக்குப் போட்டது. தேசம் முழுக்க ஒரே கடிகாரம்தான். ஆனால் சூரியனுக்கு அந்தக் கணக்கு கிடையாது. கிழக்கே இருக்கிற ஊருக்கு முதலில் உச்சிவேளை வரும். சென்னை நமக்குக் கிழக்கே. அங்கே வந்து பத்து நிமிசம் கழித்துத்தான் இங்கே வரும்.

பைப்பை விட்டுவிட்டு, மைதானத்துக்கு எதிரே இருந்த வைகுண்டராஜ் வீட்டுக்கு ஓடினார். உள்ளே சொந்தக்காரர்கள் கூட்டம். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி வரிசையாக இலையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"தம்பி, ரெண்டு நிமிசம் வெளிய வாங்க. நான் போட்ட நேரம் தப்பு. அது மெட்ராஸ் நேரம். நமக்கு இப்பத்தான்."

"எலையில ஒக்காந்துட்டு எந்திரிக்கக் கூடாது அண்ணாச்சி" என்றார் வைகுண்டராஜ். "நல்ல நாளும் அதுவுமா வந்திருக்கிய. மதினியும் ஊருல இல்ல. ஒக்காருங்க மொதல்ல."

அதற்குள் அவர் மனைவி எதிர்வரிசையில் ஒரு இலையைப் போட்டுத் தண்ணீரும் தெளித்துவிட்டாள். வருசப் பிறப்பன்று போட்ட இலையை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? உட்கார்ந்தார். மாங்காய்ப் பச்சடி, அவியல், வடை, சோறு என்று விழுந்தது. பிசைந்தார்.

வரிசையாக இருந்த தலைகளுக்கு மேலே ஜன்னலில் மைதானம் தெரிந்தது. பைப் நின்றது. அதன் காலடியில் ஒன்றுமே இல்லை. சுற்றிலும் வெறும் வெயில். நட்டுவைத்தது போலவே இல்லை, மண்ணுக்கு மேலே மிதக்கிற மாதிரி இருந்தது. போன் சட்டைப் பையில் இருந்தது, கை முழுக்கச் சோறு.

"அந்தா பாருங்க" என்றார்.

ஒருவர் லேசாகத் திரும்பி, என்ன, மாடு ஏதும் வந்துவிட்டதா என்று கேட்டுவிட்டு ரசத்துக்குக் கையைக் குவித்தார்.

வைகுண்டராஜ் குரலைத் தாழ்த்தினார். "அண்ணாச்சி, குரூப்ப இன்னைக்கே மாத்திருதேன். தப்பா நெனைக்காதிய. நல்ல நாளுக்கு வாழ்த்து ஏதும் போடணும்னா எனக்கு அனுப்புங்க, நான் போட்டுருதேன்."

"சரி தம்பி."

அந்த வீட்டம்மா இன்னொரு கரண்டி பாயாசத்தோடு வந்து நின்றாள். ஒற்றைக்குச் சமைத்து என்னத்தைச் சாப்பிடுவீர்கள், ராத்திரிக்கும் தூக்குச்சட்டியில் போட்டுத் தருகிறேன் என்றாள். அவர் தலையை ஆட்டினார். அவள் நகர்ந்த பிறகு மறுபடி பார்த்தபோது, பைப்புக்குக் கிழக்கே நூல் மாதிரி ஒரு கறுப்பு விழுந்திருந்தது. எதிர் இலைக்காரர் பச்சடியைத் தள்ளிவிடச் சொன்னார். தள்ளிவிட்டார்.