லைன் கிளியர்

பத்து மணியிலிருந்து கிரேன் சும்மா நின்றது. கந்தர்வக்கோட்டைக்குத் தெற்கே, முந்திரித் தோப்பை வழித்தெடுத்த முந்நூறு ஏக்கரில் சோலார் பிளாண்ட் எழும்பிக்கொண்டிருந்தது. குறுக்கே போகும் பழைய மின்கம்பிக்குப் பக்கத்தில் ஓர் இரும்புக் கம்பம் நட வேண்டும். கம்பியில் கரண்டை நிறுத்திவிட்டோம் என்று துணை மின் நிலையத்திலிருந்து போன் வர வேண்டும். அதற்குப் பெயர் லைன் கிளியர். அது வந்து, ரஞ்சிதா பர்மிட் தாளில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் யாரும் கம்பத்தைத் தொடலாம்.

ரஞ்சிதாவுக்கு இருபத்தெட்டு வயது. சைட்டின் பாதுகாப்புப் பொறுப்பாளர். நூற்றுப்பத்து ஆண்களுக்கு மேல் ஒரு பெண் என்று கம்பெனிக்கு ஏகப் பெருமை. சென்னையிலிருந்து ஆள் வந்து போட்டோ எடுத்துப் போனார்கள். அந்தப் பெண் ஒதுங்க ஓர் இடம் கட்டித்தர மட்டும் எட்டு மாதமாக நேரமில்லை. ஆண்களுக்கு இருந்த தகரக் கொட்டகைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. மறைவுக்கு ஒரு செடியைக்கூட விட்டுவைக்கவில்லை. அவள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பதைக் கவனித்தவன், கம்பத்துக்குக் கயிறு பிடிக்கும் நாகராசு ஒருவன்தான்.

"மேடம், நம்ம வீடு இங்கிட்டு ரெண்டு கிலோமீட்டருதான். கக்கூஸ் கட்டியிருக்கோம். வீட்ல ராசாத்திகிட்ட சொல்லிட்டேன், கூச்சப்படாமப் போயிட்டு வாங்க."

அன்றிலிருந்து ஸ்கூட்டியில் போய் வந்தாள். போக வர அரை மணி நேரம். மேனேஜர் சிவபிரகாஷ் முகம் சுளித்தார்.

"நீங்க போறப்பல்லாம் வேலை நிக்கணுமா? வெறும் பர்மிட் தாள்ல நாலு கையெழுத்துப் போட்டு வச்சுட்டுப் போங்க. நேரத்தை நான் எழுதிக்கிறேன்."

மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், பொம்பளையை வைத்து வேலை வாங்கினால் இப்படித்தான் என்பார்கள். அதற்குப் பயந்து போட்டுக் கொடுத்தாள். மூன்று மாதமாக ஒன்றும் ஆகவில்லை.

கிரேன் சும்மா நின்ற அன்று அவளுக்கு மாதவிலக்கின் இரண்டாம் நாள். பதினொன்றே காலுக்கு மேல் அவளால் நிற்க முடியவில்லை.

"சார், லைன் கிளியர் வரலை. நான் வர்ற வரைக்கும் தூக்க வேணாம்."

"தெரியும்மா. போயிட்டு வாங்க."

ராசாத்தி வாளியில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள். ரஞ்சிதா வெளியே வந்ததும் மோர் டம்ளரை நீட்டினாள். "மொகமெல்லாம் வெளுத்துக் கெடக்கு. சித்த ஒக்காந்துட்டுப் போங்க மேடம்."

ரஞ்சிதா ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தாள். பாதி மோர் குடிப்பதற்குள் ஃபேன் நின்றுபோனது. சைட்டுக்குக் குறுக்கே போகும் அதே லைன்தான் இந்த வீட்டுக்கும். அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

"கரண்ட நிறுத்திட்டாங்கக்கா. இனிமே ஒங்க வீட்டுக்காரருக்கு வேலை வந்துரும்" என்று சிரித்துவிட்டு மீதி மோரையும் குடித்தாள்.

கரண்டை யாரும் நிறுத்தவில்லை. கிரேன் தூக்கிய கம்பம் கம்பியில் உரசியதில் லைன் தானாக ட்ரிப் ஆகியிருந்தது. அவள் திரும்பிப் போனபோது நாகராசுவின் முகத்தை யாருடைய சட்டையோ மூடியிருந்தது. வலது கையில் கயிறு இருந்தது. பர்மிட் தாளில் அவள் கையெழுத்துக்கு மேலே, 'லைன் கிளியர் பெறப்பட்டது, 11.30' என்று புதிய மையில் எழுதியிருந்தது.

மூன்றாம் நாள் ஸ்டேஷனில் எஸ்.ஐ. அந்தத் தாளைக் காட்டினார். "கையெழுத்து ஒங்களுதுதானே?"

"ஆமா சார். நேரத்தை மேனேஜர்தான் எழுதுனாரு."

"லைன் கிளியர் வந்துருச்சுன்னு இவங்கதான் போன்ல சொன்னாங்க, எழுதுனேன்" என்றார் சிவபிரகாஷ், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ரஞ்சிதா ராசாத்தியைத்தான் நம்பியிருந்தாள். ராசாத்தியும் அழுதபடியே எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி சொன்னாள்.

"ஏன் வந்தாங்கன்னும் எழுதுங்கய்யா. அங்கிட்டுப் பொம்பளைக்கு ஒரு கக்கூஸ் இல்லைங்க."

"அது இந்தக் கேஸுக்கு வேணாம்மா" என்ற எஸ்.ஐ., எழுதியதை வாசித்துக் காட்டினார். "'சம்பவ நேரத்தில் பாதுகாப்புப் பொறுப்பாளர் பணியிடத்தில் இல்லாமல், இறந்தவரின் வீட்டில் அமர்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார்.' சரியா?"

ராசாத்தி ரஞ்சிதாவைத் திரும்பிப் பார்த்தாள். எஸ்.ஐ. வாசித்ததில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

"சரிதாங்க" என்று பேனாவை வாங்கினாள்.