முந்தல் முறுக்கு

முதல் கொண்டை ஊசி வளைவில் கார் தடுப்புச் சுவரில் முட்டி நின்ற மறுநாளே, போடிநாயக்கனூர் கூடி முடிவெடுத்துவிட்டது: கோளாறு வேலுத்தாயின் கையில். காரிலும் இருக்கலாமே என்று ஒப்புக்குக்கூட ஒரு ஆள் கேட்கவில்லை. டீக்கடையில், ஏலக்காய் மண்டியில், சலூனில், எங்கும் ஒரே பேச்சு. பொம்பளை கைக்கு மலை வளையுமா? வளையாதாம். ஏதோ இவர்கள் எல்லாம் மலையை வளைத்து மடியில் கட்டிக்கொண்டு வந்தவர்கள் மாதிரி. பாதிப் பேருக்கு சைக்கிளே தகராறு.

வேலுத்தாய்க்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சிலமலையில் பிறந்தவள். ஆள் வராத நாட்களில் அப்பன் தோட்டத்துக் கிணற்றில் மாடு பூட்டிக் கமலை ஓட்டித் தண்ணீர் இறைத்தவள். அந்தக் கைக்கு ஒரு வட்டச் சக்கரத்தைத் திருப்ப வலு இல்லையா?

வெறும் சிரிப்போடு போயிருந்தால் அவளும் துடைத்துப் போட்டிருப்பாள். போகவில்லை. புருஷன் வெள்ளைத்துரை மஞ்சள் காமாலையில் செத்து ஒரு வருஷம் ஆகிறது. போடிமெட்டில் இருக்கிற அவர்களுடைய ஏலத்தோட்டத்து ஸ்டோர் சாவி, கருமாதி முடிந்த அன்று கொழுந்தன் வீரணன் இடுப்பில் ஏறியது. இன்னும் இறங்கவில்லை. பச்சைக் காயை உலர்த்தி மூட்டை கட்டுகிற கட்டடம்தான் ஸ்டோர். அதன் சாவி யாரிடம் இருக்கிறதோ அவர்தான் முதலாளி. மற்றதெல்லாம் வாய்ப்பேச்சு.

"ஜீப்புல ஆம்பளைகளோட நசுங்கிக்கிட்டு வாராவாரம் மலை ஏறப் போறீங்களாக்கும்? பேசாம இருங்க மதினி. நான் பாத்துக்கிறேன்" என்பான் வீரணன்.

"அவரு காரு கொட்டாயில சும்மாதான நிக்குது? நானே ஓட்டிக்கிட்டுப் போறேன்" என்றாள் ஒருநாள்.

சொந்தபந்தம் அத்தனையும் உட்கார்ந்திருந்த நேரம். வீரணன் விழுந்து விழுந்து சிரித்தான். "காய் எடுப்புக்கு முந்தி நீங்களா ஓட்டி மெட்டுக்கு வந்துருங்க. சாவியக் கையில குடுத்துர்றேன். இல்லையா, தோட்டப் பேச்சே எடுக்கக் கூடாது."

"சரி" என்றாள் வேலுத்தாய். அவ்வளவுதான் சொன்னாள்.

வாய்ச்சவடால் இல்லை. வெள்ளைத்துரை இருந்தபோது விளையாட்டாக வறண்ட கண்மாய்க்குள் அவளுக்கு ஓட்டப் பழக்கினான். அவன் போனபின் விளையாட்டை விட்டுவிட்டு மதுரைக்குப் போய் லைசென்ஸே வாங்கிவிட்டாள். தன் நாட்டுக்குத் திரும்பிய ஒரு தோட்டத்து வெள்ளைக்காரன் விட்டுப்போன பழைய சீமைக் கார் அது. கிளிப்பச்சை நிறம். நேர் ரோட்டில் பூனை மாதிரி போகும். ஆனால் மலையில் முதல் வளைவிலேயே ஸ்டியரிங் பாதி திரும்பி, அதற்குமேல் மாட்டேன் என்று நின்றுகொண்டது. கையில் கிடந்த வளையல் நெளிய இழுத்தும் வரவில்லை. கார் சுவரில் முட்டியது. லாரிக்காரர்கள் வந்து எடுத்துக் கொடுத்தார்கள். சிரித்துக்கொண்டேதான் கொடுத்தார்கள்.

காய் எடுப்புக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. காரை உருட்டாத குறையாக மெக்கானிக் மொக்கையன் பட்டறைக்குக் கொண்டுபோனாள். மொக்கையன் நல்ல மனுஷன். தேனி ரோட்டில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து இறங்கினார்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு ஆத்தா. பழைய காருன்னா கொஞ்சம் கனமாத்தான் இருக்கும். ஆம்பளை ஓட்டினா தெரியாது."

"நேர் ரோட்டுல ஓட்டிட்டு வந்து நல்லாருக்குன்னா எப்படிண்ணே? நான் மலைக்குப் போறவ. இந்தா, இந்த எடத்துல நின்னுக்கிட்டே ஸ்டியரிங்க முழுசா ஒடிங்க பாப்பம்."

மொக்கையன் ஒடித்தார். அவர் தோள் இரண்டும் கருங்கல். அந்தத் தோளே பாதியில் ஒரு தரம் உயர்ந்து இறங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. அதை அவர் கவனிக்கவில்லை, அவள் கவனித்தாள்.

"வளைஞ்சிருச்சுல்ல?" என்றார்.

"வளையல. நீங்க வளைச்சீங்க. பாரத்த எறக்கிட்டுப் பாப்பமா?"

கமலையில் கயிறு இறுகினால் முதலில் தண்ணீர் மொள்ளுகிற சாலைக் கழற்றிவிட்டு உருளையைச் சுற்றிப் பார்ப்பார்கள். பாரம் இல்லாமலும் உருளை இறுகினால் கோளாறு உருளையில். இதை அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மொக்கையனும் தலையைச் சொறிந்துவிட்டு ஜாக்கியைக் கொண்டுவந்தார். முன்சக்கரம் இரண்டும் அந்தரத்தில் தொங்கின. வேலுத்தாய் உள்ளே உட்கார்ந்து திருப்பினாள். நடுவில் லேசு. ஓரத்துக்குப் போகப் போக அதே இறுக்கம்.

"அப்ப டயரு இல்ல, காத்து இல்ல" என்றார் மொக்கையன். இப்போது அவர் குரலிலும் சுறுசுறுப்பு வந்துவிட்டது. சக்கரத்துக்குப் போகிற ராடைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் தள்ளினார். கதவு மாதிரி ஆடியது. "சக்கரத்துலயும் இல்ல. ஆத்தா, இப்ப வெறும் ஸ்டியரிங்க மட்டும் சுத்துங்க."

நடுவில் சுற்றியது. வலது ஓரம் பிடித்தது. இடது ஓரம் பிடித்தது.

"பெட்டிக்குள்ளதான்" என்று பானெட்டுக்குள் தலையைக் கொடுத்தவர் வெகுநேரம் வெளியே எடுக்கவில்லை. ஸ்டியரிங் பெட்டி மூடியின்மேல் ஒரு திருகாணி உண்டு. உள்ளே பல்லும் பல்லும் எவ்வளவு நெருங்கி உட்கார வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கும். "இத எவன் இம்புட்டு முறுக்குனது? மரை பூரா உள்ள போயிருச்சு!"

வேலுத்தாய்க்குச் சுரீரென்றது. முந்தல்!

மலை தொடங்குகிற இடம் முந்தல். ஏறுகிற வண்டி எதுவும் அங்கே நிற்காமல் போகாது. கோயிலில் சூடம் கொளுத்துவார்கள், ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். வெள்ளைத்துரையின் டிரைவர் அமாவாசை கூடுதலாக ஒன்று செய்வான். ஸ்பேனரை எடுத்துப் பெட்டித் திருகாணிக்கு ஒரு சின்ன முறுக்கு. 'மலையில ஸ்டியரிங்கு ஆடக் கூடாது ஆத்தா' என்பான். வெள்ளைத்துரையும் திருநீறு வாங்குகிற பக்தியோடு பக்கத்தில் நிற்பான். எத்தனை வருஷம், எத்தனை ஏற்றம்! ஏறும்போதெல்லாம் ஒரு முறுக்கு. இறங்கி வந்தபின் தளர்த்தியவன் ஒருவன் உண்டா?

அவள் சொன்னதைக் கேட்டு மொக்கையன் அசடு வழிந்தார். "நானும்தான் ஜீப்புகளுக்கு முறுக்கிவிடுறேன். எல்லாரும் செய்யிறதுதான்."

"எல்லாரும் செஞ்சா? என் கைதான கெட்ட பேரு வாங்குச்சு?" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆத்திரத்தில்தான்.

உண்மையில் ஆட்டம் பெட்டியில் இல்லை. ராடு முனையிலிருந்த இரும்புக் குண்டு தேய்ந்துபோய் ஆடியிருக்கிறது. அந்த ஆட்டத்தை அடக்கப் பெட்டியை முறுக்கியிருக்கிறார்கள். பெட்டியில் பல் நடுவில்தான் அதிகம் தேயும். நடுப்பல் நெருங்க நெருங்க ஓரத்துப் பல் நெரிந்தது. நேர் ரோட்டில் யோக்கியன், வளைவில் எமன். மொக்கையன் குண்டை மாற்றினார். காய்ந்து கிடந்த பெட்டிக்கு ஆயில் ஊற்றினார். ஓரம் இரண்டும் தாராளமாகச் சுற்றும்வரை திருகாணியைத் தளர்த்தினார். நடுவில் ஒரு விரல் அளவுக்கு ஆட்டம் மிச்சம் இருந்தது.

"இதோட மலை ஏறப் போறீங்களா?" மொக்கையனுக்கு மனசு கேட்கவில்லை.

"ஆடுனா நான் பிடிச்சுக்குவேன். இறுகினா யாரு பிடிக்கிறது?"

வியாழக்கிழமை காலை வீரணனைப் பக்கத்து சீட்டில் ஏற்றிக்கொண்டாள். சாட்சி வேண்டாமா? வீரணன் புது வேட்டி, சட்டை. இடுப்பில் சாவி குலுங்கியது. முந்தலில் இறங்கிச் சூடம் கொளுத்தினான். திரும்பி வந்தவன் ஸ்டியரிங்கைத் தொட்டு ஆட்டிப் பார்த்துவிட்டு முகம் வெளுத்தான்.

"மதினி, இது ஆடுது! ஸ்பேனரு எங்க? ஒரு முறுக்கு முறுக்கிருவோம்."

டிக்கியைத் திறந்து அவனே எடுத்தும் வந்துவிட்டான். வேலுத்தாய் கையை நீட்டி வாங்கினாள். தன் சீட்டுக்கு அடியில் போட்டாள். "ஏறுங்க, நேரமாச்சு."

முட்டிய வளைவு வந்தது. சுவரில் பச்சைப் பெயின்ட் இன்னும் ஒட்டியிருந்தது. கியரை இறக்கினாள். ஒடித்தாள். ஸ்டியரிங் ஓரம்வரை போனது, திரும்பியும் வந்தது. வீரணன் கதவைப் பிடித்திருந்த பிடியில் கைப்பிடி கழன்று வராததுதான் ஆச்சரியம்.

மேலே ஒரு குறுகலான வளைவில் எதிரே ஒரு ஜீப்பு. ஆட்களும் மூட்டையுமாக இறங்கி வந்தது. ஓட்டியவன் அமாவாசை. இப்போது வேறு தோட்டத்தில் வேலை பார்க்கிறான். பச்சைக் காரைப் பார்த்து முகம் மலர்ந்தவன், ஸ்டியரிங்கில் யார் என்று பார்த்ததும் கையை வெளியே நீட்டிப் பின்னால் போகச் சொல்லி வீசினான்.

"ஆத்தா, கொஞ்சம் பின்னுக்கு எடுங்க! வீரணண்ணே, நீங்க எறங்கி எடுத்துக் குடுங்க!"

ஜீப்பிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வீரணன் கதவைத் திறக்கப் போனான். பின்னால் பள்ளம். வேலுத்தாய் கைபிரேக்கை இழுத்துப் போட்டாள். இறங்கி இடத்தைக் கொடுத்தால் போதும், ஊருக்குக் கதை கிடைத்துவிடும், சாவியும் போய்விடும். அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

"உக்காருங்க கொழுந்தனாரே" என்றாள். தலையை வெளியே நீட்டினாள். "ஏறுற வண்டிக்குத்தான் வழி, அமாவாசை! பொம்பளை ஏறினா வேற சட்டமா? பின்னுக்கு எடு!"

ஹாரனில் கையை வைத்தவள் எடுக்கவில்லை. மலை முழுக்கக் கேட்டிருக்கும். அமாவாசை வீரணனைப் பார்த்தான். வீரணன் பள்ளத்தைப் பார்த்தான். கடைசியில் ஜீப்பு முனகிக்கொண்டு பின்னால் ஏறி ஒதுங்கியது. வேலுத்தாய் கைபிரேக்கை விட்டு, முழுதாக ஒடித்து, உறுமிக்கொண்டு ஏறினாள்.

பக்கத்தில் வந்தபோது அமாவாசை குனிந்து பார்த்தான். "ஸ்டியரிங்கு ஆடுது போலருக்கே ஆத்தா. முந்தல்ல முறுக்கலையா?"

"நீ முறுக்கினது பூராத்தையும் அவுத்தாச்சு. அதான் வளையுது" என்றாள்.

மெட்டு இன்னும் வரவில்லை. அதற்கு முந்தின வளைவிலேயே வீரணன் இடுப்பிலிருந்து எதையோ அவிழ்க்கிற சத்தம் கேட்டது. சாவியை அவள் பக்கமாக நீட்டினான்.

வேலுத்தாய் ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"மடியில போடுங்க" என்றாள். "கை சோலியா இருக்கு."