ஈரத் தீக்குச்சி, முன்னூறு பிரதிகள்

ஆஸ்பத்திரி லிஃப்ட் அந்த மாதத்தில் மூன்றாவது முறையாக மக்கர் செய்த அன்றைக்கு, எக்ஸ்ரே அறையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கால் ஒடிந்தவர்களைப் படிக்கட்டில் தூக்கிவர யாருக்கும் தெம்பில்லை. அங்கே இருபத்தேழு வருஷமாகப் படம் எடுப்பவளை வாட்ச்மேன் முதல் பெரிய டாக்டர் வரை எக்ஸ்ரேக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு நாளைக்கு நூறு பேரிடம் “மூச்ச நல்லா இழுங்க, அப்படியே பிடிங்க, ம், விடலாம்” என்று சொல்லிச் சொல்லி, வீட்டில் குக்கர் விசில் அடித்தால்கூட “விடலாம்” என்பாள். சும்மா உட்காரத் தெரியாத பிறவி. கனத்த ஈய அங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு, லிஃப்ட்காரர்கள் அப்படி என்னதான் கிழிக்கிறார்கள் பார்ப்போம் என்று வராந்தாவுக்கு வந்தாள்.

லிஃப்ட் கதவு பாதி திறந்திருந்தது. கீழே குழிக்குள் ஒருவர் ஸ்பேனரால் எதையோ முறுக்கிக்கொண்டே முனகிப் பாடிக்கொண்டிருந்தார். வயிற்றுவலிக்காரர் மாதிரி இழுத்து இழுத்து ஒரு பாட்டு. முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. நாலாவது அடியில் சிரிப்பு நின்றுபோயிற்று. அந்த மெட்டு மேலே ஏறி, யாரும் எதிர்பாராத ஓரிடத்தில் தடுக்கி விழுந்து, எழுந்து மறுபடி ஓடியது. அப்படித் தடுக்கி விழுகிற மெட்டு அவளுக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான். அவளுடைய அக்கா அந்தக் காலத்தில் பாத்திரம் தேய்க்கும்போது அதைப் பாடுவாள், இதைவிட எவ்வளவோ வேகமாக.

“சார், இந்தப் பாட்ட எங்க கேட்டீங்க?” என்று குழிக்குள் குனிந்து கத்தினாள்.

நெற்றியில் விளக்கைக் கட்டியிருந்த மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார். அறுபதை நெருங்கிய ஆள். “இதெல்லாம் உங்களுக்குத் தெரியாதுங்க. பழைய பங்க் பாட்டு, கத்திப் பாடுற ராக் வகை. வீட்டுல ரெக்கார்டு வச்சிருக்கேன்.”

“யாரு பாடினது?”

“ஈரத் தீக்குச்சின்னு ஒரு குழு. பேரைக்கூட ஒருத்தரும் கேள்விப்பட்டிருக்க மாட்டாங்க.”

எக்ஸ்ரேக்கா இருபத்தைந்து வருஷமாக ஊர் ஊராகத் தேடியது, தான் தினம் ஏறி இறங்குகிற லிஃப்டுக்கு அடியில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கிறது. யாரை நொந்துகொள்வது?

ஈரத் தீக்குச்சி என்பது அக்காவின் குழு. அக்கா பாடினாள், இன்னும் இரண்டு பெண்கள் கிட்டாரும் டிரம்ஸும். பெயரை வைத்ததே அக்காதான். பற்றவே பற்றாதாம், ஆனால் உரசிக்கொண்டே இருப்பார்களாம். மூன்று பேருமாகச் சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டி, சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னதாக ஒரு இசைத்தட்டு போட்டார்கள். பக்கத்துக்கு ஒரு பாட்டு, மொத்தம் முன்னூறு பிரதிகள். பதினொரு வருஷம் கழித்து, முப்பத்தொரு வயதில், ஒரு வாரக் காய்ச்சல் அக்காவைக் கொண்டுபோய்விட்டது.

போட்டோக்கள் இருந்தன. முகத்துக்குக் குறைவில்லை. குரல்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துபோயிற்று. அக்கா திட்டிய திட்டெல்லாம் எக்ஸ்ரேக்காவுக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருந்தது. ஆனால் அவற்றைத் தன் குரலிலேயே அவள் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தாள். அது தெரிந்த நாளில்தான் பயந்துபோய் அந்த ரெக்கார்டைத் தேடக் கிளம்பினாள்.

தேடப் போனவள் மாட்டிக்கொண்டாள். ஒன்றைத் தேடி ஒவ்வொரு பெட்டியாகக் கிளறும்போது கைக்கு வருவதை விட்டுவிட்டு வர மனசு வருமா? யாரோ நாலு பேர் கார் ஷெட்டில் கத்திப் பதிவு செய்தது, ஜெராக்ஸ் எடுத்த காகிதத்தை மடித்து உறையாக்கியது, நூறே நூறு பிரதி போட்டு நண்பர்களுக்கே விற்றது என்று வீட்டில் அறுநூறு தட்டுகள் சேர்ந்துவிட்டன. ஒரு தட்டை வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்து, எலும்பில் கீறல் பார்ப்பதுபோல ஒரு நொடி பார்த்தாலே அதன் யோக்கியதையைச் சொல்லிவிடுவாள். பஸ் ஓட்டும் கணவருக்கு இதில் ஒரு மண்ணும் பிடிபடவில்லை. “இது இவங்க வீடு, நாமதான் வாடகைக்கு இருக்கோம்” என்று அலமாரியைக் காட்டி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். ஆனால் விடுமுறையில் எந்த ஊருக்குப் போனாலும் பழைய சாமான் கடை வாசலில் அவர்தான் முதலில் நிற்பார். “போய்ப் பாரு, இங்க இருந்தாலும் இருக்கும்” என்பார். எங்கேயும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மெக்கானிக் வீட்டுக்குப் போனாள். ஊர் லிஃப்டையெல்லாம் ரிப்பேர் செய்கிறவர் லிஃப்டே இல்லாத கட்டடத்தில் நாலாவது மாடியில் குடியிருந்தார். அவரே அதைச் சொல்லிச் சிரித்தார். ஒற்றை ஆளின் வீடு. துவைத்த துணி நாற்காலியில் கிடந்தது, ஆனால் ரெக்கார்டு பிளேயர்மேல் தூசி இல்லை. சோப்புப் போட்டுக் கை கழுவி, விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு வந்துதான் அலமாரியைத் தொட்டார். சரியான ஆள்தான் என்று அவளுக்குப் பட்டது.

“சம்சாரம் செத்துப்போன வருஷம் இது கெடச்சுதுங்க. ஒரு வீட்ட காலி பண்றாங்கன்னு போயிருந்தேன், பெட்டிக்கு அடியில கெடந்துச்சு. இருபது வருஷம் ஆச்சு. இந்தக் குரல்தான் எனக்குத் துணை.”

மடித்த காகித உறை வெளியே வந்தது. கோணல்மாணலான தீக்குச்சிப் படம், கிட்டார்காரி வரைந்தது. மெக்கானிக் தட்டை வைத்து ஊசியை இறக்கினார்.

முதலில் ஏதோ காற்று உறிஞ்சுகிற சத்தம். அப்புறம் கிட்டார், சகதியில் நடக்கிறவன் கால் எடுத்து வைப்பதுபோல. அதற்குமேல் ஒரு ஆண் குரல், கனமாக, தூக்கக் கலக்கத்தில் பேசுவதுபோலப் பாடியது. மெட்டு அதே மெட்டு. குரல் அக்காவுடையது இல்லை.

“இது பொம்பள பாடினது இல்லையா?”

“ஆம்பளதாங்க. என்னா பாரம் பாருங்க அந்தக் குரல்ல! கடைசியில பாருங்க, அழுவாரு.”

கடைசியில் வாத்தியமெல்லாம் ஓய்ந்த பிறகு அந்த ஆள் விம்மி விம்மி அழுதான். மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டார். எக்ஸ்ரேக்காவுக்கு இருபத்தைந்து வருஷமும் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. குழு வேறு யாரையோ பாட வைத்துப் போட்டுவிட்டதா? அக்கா தன்னிடம் பொய் சொன்னாளா? லேபிளையாவது பார்த்துவிட்டுப் போவோம் என்று தட்டைக் கையில் வாங்கினாள்.

அச்சடிக்காத வெறும் வெள்ளை லேபிள். அதில் ஊதா மையில் ரப்பர் முத்திரையால் குத்திய எண், 33. ஒரு பக்கமாகச் சாய்ந்த 33. ஓரத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை.

அது அவளுடைய கட்டைவிரல். இடது கைக்காரி குத்தினால் எண் அப்படித்தான் சாயும்.

அவளுக்கு அப்போது பதினைந்து வயது. லேபிள் அச்சடிக்க வசதியில்லாத குழுக்கள் கையாலேயே குத்திக்கொள்வது அந்த உலகத்தில் வழக்கம். அக்கா சாப்பாட்டு மேஜைமேல் முன்னூறு தட்டுகளையும் முத்திரைப் பெட்டியையும் வைத்து, “ஸ்பீடையும் குத்திடுடி, நான் பிராக்டீஸ் போயிட்டு வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு ஓடினாள். என்ன ஸ்பீடு என்று சொல்லவில்லை. தங்கைக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்திருப்பாள். தங்கைக்குத் தெரிந்ததெல்லாம் அப்பாவின் பெரிய தட்டுகள்தான், அதில் எல்லாவற்றிலும் 33 என்றுதான் போட்டிருந்தது. அதையே பார்த்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, முன்னூறிலும் சிரத்தையாகக் குத்தித் தள்ளினாள். நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து சுற்றுச் சுற்றவேண்டிய தட்டு அது. வீட்டு பிளேயரில் ஊசி ஒடிந்து ஒரு வருஷமாகியிருந்ததால் யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

வாங்கியவர்கள் லேபிளை நம்பி மெதுவாகச் சுற்றவிட்டார்கள், பெண் குரல் ஆண் குரலாகத் தடித்துப்போயிற்று. லேபிள் சொன்னால் சொன்னதுதான். கேட்டவர்கள் எப்படிச் சிரித்திருப்பார்கள்!

இன்னொன்றும் அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ரெக்கார்டு வெளிவந்த வாரம் ஒரு சாயங்காலம் டிரம்ஸ்காரி வாசலில் நின்று, “எவ பண்ணின வேலடி இது?” என்று கத்தினாள். மாடி ஜன்னலிலிருந்து அது தங்கையின் காதில் விழுந்தது. அக்கா குரலை உயர்த்தாமல் “நான்தான் பண்ணேன். இப்ப என்னாங்கிற?” என்றாள். அது ஏதோ காதல் விவகாரம் என்று தங்கை நினைத்துக்கொண்டாள். அந்த வாரமே குழு கலைந்தது. முத்திரைப் பெட்டி வீட்டிலிருந்து காணாமல் போயிற்று. மிச்சத் தட்டுகளை அக்கா எங்கே கொண்டுபோய்த் தொலைத்தாள் என்று யாருக்கும் தெரியாது. ஏன்க்கா இப்பல்லாம் பாடறதில்ல என்று கேட்டதற்கு, “தொண்ட சரியில்லடி” என்றாள். சாகும்வரை பதினொரு வருஷம் தொண்டை சரியில்லாமலேயே இருந்தது.

“சார், இத ஒரே ஒரு தடவ நாப்பத்தஞ்சுல போடுங்க.”

“எதுக்குங்க? முப்பத்து மூணுன்னுதான போட்டிருக்கு?”

“அந்த முப்பத்து மூணக் குத்தினவ நான்தான்.”

எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது அழுதாள், வெட்கப்படவும் இல்லை. மெக்கானிக் தட்டை வாங்கி மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

“தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. நீங்க சொல்றது நெசமாத்தான் இருக்கும். ஆனா வேகத்தக் கூட்டிட்டா எங்காளு செத்துருவாரு. நான் லிஃப்ட் பெட்டிக்கு மேல உக்காந்துகிட்டு இருட்டுல இறங்குறப்ப எங்கூட வர்றவரு. அவரு அழுதாருன்னுதான் நான் அழாம இருந்தேன்.”

அவளுக்குக் கோபம் பொங்கியது. இல்லாத ஒருத்தனுக்காகவா என் அக்காவை மறைத்து வைப்பாய் என்று வாய்வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அது உள்ளேயே போய்விட்டது. அந்த இல்லாத ஒருத்தனை உண்டாக்கியதும் அவள்தானே!

கடைசியில் அவர் எழுந்து, தட்டைப் பிளேயரில் வைத்து, குமிழை அவளே திருப்பட்டும் என்று விட்டுவிட்டுச் சமையலறைக்குள் போனார். கதவைச் சாத்திக்கொண்டார்.

குமிழை 45க்குத் திருப்பி ஊசியை இறக்கினாள். முதலில் வந்தது காற்று இல்லை, மூச்சு. பாடுவதற்கு முன்னால் அக்கா இழுத்த மூச்சு. அடுத்த கணம் அக்கா அறைக்குள் வந்துவிட்டாள். கீச்சென்று, அவசரமாக, இரண்டாவது அடியில் வார்த்தையை விழுங்கி, அதைச் சமாளிக்க இன்னும் சத்தமாகக் கத்திக்கொண்டு, பாத்திரம் தேய்க்கிற அதே வேகத்தில். ஆமாம், இந்தக் குரல்தான். “விளக்க அணைச்சிட்டுத் தூங்குடி சனியனே” என்று சொன்ன குரல். எப்படி மறந்துபோனேன், எப்படி மறந்துபோனேன் என்று எக்ஸ்ரேக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். மெட்டு தடுக்கி விழுந்து எழுந்து ஓடி, சட்டென்று நின்றது. வாத்தியம் ஓய்ந்ததும் அக்கா கடகடவென்று சிரித்தாள். ஒரு நிமிஷம் ஐம்பது விநாடி. முடிந்துவிட்டது.

சமையலறைக் கதவு எப்போதோ திறந்திருந்தது.

“அழலியா அந்தாளு?” என்றார் மெக்கானிக்.

“இல்ல சார். சிரிக்கிறா.”

அவர் துணி கிடந்த நாற்காலியில் துணிமேலேயே உட்கார்ந்தார். “சிரிப்பா அது? இருபது வருஷமா ஒரு பொண்ணு சிரிச்சதக் கேட்டா நான் ஆறுதல் பட்டுக்கிட்டு இருந்தேன்?” என்று சொல்லிவிட்டு அவரும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எங்காளப் பெத்தவளே நீங்கதான்மா.”

பிறகு எழுந்து தட்டைக் காகித உறையில் போட்டு அவளிடம் நீட்டினார். “எடுத்துட்டுப் போங்க. உங்க ரத்தம்.”

கை தானாக நீண்டது. வாங்கிக்கொண்டாள், விடவும் மனசில்லை. அறுநூறு தட்டுகளையும் கொடுத்தாலும் இதற்கு ஈடாகாது. ஆனால் அலமாரியில் அந்த மெல்லிய உறை இருந்த இடத்தையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இங்கயே இருக்கட்டும் சார். ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம வர்றேன். வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வர்றேன், இத்தன வருஷம் அவரும்தான் தேடினாரு.” உறையிலிருந்து தட்டை எடுத்து அவரிடம் கொடுத்தாள். “போறதுக்கு முன்னாடி இன்னொரு தடவ போடுங்க.”

அவர் குமிழ் 45லேயே இருக்கிறதா என்று பார்த்தார்.

“முப்பத்து மூணுல.”

“அதுல உங்கக்கா இருக்க மாட்டாங்களேம்மா?”

“இருப்பா. இனிமே எனக்கு அடையாளம் தெரியும்.” நாள் முழுக்க விநாடி எண்ணுகிறவளுக்குக் கணக்குப் போட நேரமாகவில்லை. “அதுல முப்பத்தெட்டு செகண்டு கூட இருப்பா சார்.”

மெக்கானிக் குமிழைத் திருப்பினார். ஊசி இறங்கியது. அக்கா மூச்சை இழுத்தாள், மெதுவாக, ரொம்ப மெதுவாக. எக்ஸ்ரேக்கா விடச் சொல்லவில்லை.