எலிப் பாஷாணத் தெரு

“நீ முதல்ல தின்னு.”

ஜோசையா ஃபென் தட்டை மனைவியின் பக்கம் தள்ளினான். ஞாயிற்றுக்கிழமை மதியம். தட்டில் ஆவி பறக்கும் மாவு உருண்டைகள், மேலே ஒரு துண்டு பன்றிக்கறி.

டோர்காஸ் அடுப்பருகிலேயே நின்றாள். “எனக்கு அப்புறம் பாத்துக்கலாம். நீங்க சாப்பிடுங்க, ஆறிடும்.”

“ஏன், உன் வாய்க்குள்ள போகாதோ? என்னத்தப் போட்ருக்க?”

“உப்பு போட்ருக்கேன்.”

“நக்கலா? தின்னுடி.”

தின்றாள். கல்யாணமான நாளிலிருந்து கறி என்றால் அவன் தட்டில் ஒதுக்கிய கொழுப்பும், சட்டியின் அடியை ரொட்டியால் துடைத்துத் தின்பதும்தான் அவளுக்கு. அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். உழைக்கிற உடம்புக்குக் கறி வேண்டும் என்பார்கள். உறைபனியில் குனிந்து டர்னிப் கிழங்கு பிடுங்கும் பெண்களின் உடம்பு அந்தக் கணக்கில் வராது. சூடான கறி நாக்கில் பட்டதும் டோர்காஸின் கண் கலங்கியது. ஜோசையா அதையும் சந்தேகத்தோடுதான் பார்த்தான். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகே தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

எல்லாம் கேசியா மாட் என்பவளால் வந்தது. இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தவள். புருஷனுக்கு மாவு உருண்டையில் எலிப் பாஷாணம் கலந்து கொடுத்துக் கொன்றாள் என்று தீர்ப்பாகி, முந்தின வாரம்தான் அவளைத் தூக்கிலிட்டார்கள். ஊர் ஆண்கள் வண்டி கட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். லண்டன் பத்திரிகைகள் அவளைப் பிசாசு என்று எழுதின. பாதிரியார் ஏவாளில் தொடங்கி கேசியாவில் பிரசங்கத்தை முடித்தார். தூக்கைப் பார்த்துவிட்டு வந்த ஆண்களுக்குச் சொந்த வீட்டு அடுப்பே பயமாகிவிட்டது. ஊரை ஒட்டிய சதுப்புநிலத்துக்கு அந்தப்பக்கம் இருந்தவர்கள் தெருவுக்கே எலிப் பாஷாணத் தெரு என்று பெயர் வைத்தார்கள்.

மறுநாள் அடிகுழாயில் பெண்கள் கூடினார்கள்.

“எங்க ஆளு டீயைக்கூட நான் ஒரு வாய் குடிச்சாத்தான் தொடுறான்,” என்றாள் அடுத்த வீட்டு லவீனியா காப். வாய் அடங்காதவள். “நாம கறி தின்னுறதுக்கு கேசியா சாக வேண்டியிருந்துச்சு பாரேன்.”

சிரித்தார்கள். சிரித்ததற்காகச் சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்கள்.

“அவ கைய புருஷன் உடைச்சப்ப நீதானே கட்டுப் போட்ட, டோர்காஸ்?”

“மெதுவாப் பேசு. ஆமா, நான்தான். பாதிரியார்கிட்ட போய் அழுதா. ‘வீட்டுக்குப் போ, புருஷன் மனசு கோணாம நடந்துக்க’ன்னாரு. கான்ஸ்டபிள் கதவையே தொறக்கல. அம்மா வீட்டுக்கு ஓடினா. அங்கேருந்தும் முடியப் பிடிச்சு இழுத்துட்டு வந்தான்.”

“இதெல்லாம் கோர்ட்டுல யாரும் சொல்லலையா?”

“சொன்னாங்களே. அரசாங்க வக்கீலே சொன்னாராம். கை உடைஞ்ச ஆத்திரத்துலதான் அவ புருஷனக் கொன்னுட்டாள்னு. உசுரோட இருந்தப்ப அந்தக் கைய ஒருத்தரும் பாக்கல. தூக்குல போடத்தான் அது உதவிச்சு.”

வாளிகளைத் தூக்கிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

சனிக்கிழமை காலை ஜோசையா கஞ்சி குடித்த கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். வாந்தி நிற்கவில்லை. ஜன்னலைத் திறந்து தெருவைப் பார்த்துக் கத்தினான். “கொன்னுட்டா! என்னையும் கொன்னுட்டா!”

தெரு கூடியது. டாக்டரும் கான்ஸ்டபிள் ஏமஸ் ரட்கினும் ஒன்றாக வந்தார்கள். டாக்டர் நோயாளியிடம் போனார். ரட்கின் சமையற்கட்டில் மாவு ஜாடியைத் திறந்து மோந்து பார்த்தான்.

“பாஷாணம் எங்க வச்சிருக்க?”

“எங்க வீட்டுல பூனை இருக்குதுங்க.”

“என்ன குடுத்த அவனுக்கு?”

“ஓட்ஸ் கஞ்சி. அதே கிண்ணத்துல நான் குடிச்ச அப்புறந்தான் அவரு குடிச்சாரு. அவரே குடிக்கச் சொன்னாரு.”

“கெட்டிக்காரிங்க அப்படித்தான் செய்வாங்க.” அவன் பார்வை அவள் சட்டைக் கையின் விளிம்பில் நின்றது. “மணிக்கட்டுல என்ன, நீலமா இருக்கு?”

டோர்காஸ் சட்டைக் கையை இழுத்துவிட்டாள். “கதவுல இடிச்சுக்கிட்டேன்.”

“கதவுக்கு அஞ்சு விரல் இருக்கா?” ரட்கினின் குரல் குழைந்தது. “அடிச்சானா? பயப்படாமச் சொல்லும்மா. ரொம்ப நாளா அடிக்கிறானா?”

இத்தனை வருஷத்தில் அவளிடம் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவன். ஆமாம் என்ற ஒரு சொல் தன் கழுத்தில் கயிறாக விழும் என்று அவளுக்குத் தெரிந்தது. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“இல்லீங்க. அவரு தங்கமானவரு.”

“பொய்,” என்றது வாசலிலிருந்து ஒரு குரல். லவீனியா. ரட்கின் முகம் மலர்ந்தது. அவள் உள்ளே வந்து தன் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினாள். பழைய தழும்பு, அதன்மேல் புதிய காயம். பின்னாலேயே வந்த இரண்டு பெண்களும் தங்கள் கைகளை நீட்டினார்கள்.

“நல்லாப் பாருங்க ஐயா. இது கொலைக்குக் காரணம்னா, இந்தத் தெருவுல ஒரு புருஷன் உசுரோட இருக்க முடியுமா? அந்தா நிக்கிறான் பாருங்க எங்க ஆளு, எருது மாதிரி.”

வெளியே யாரோ சிரித்தார்கள். லவீனியாவின் புருஷன் கூட்டத்துக்குள் தலையைக் குனிந்துகொண்டான்.

டாக்டர் கையைத் துடைத்தபடி வந்தார். “பாஷாணமும் இல்ல, மண்ணும் இல்ல. நேத்து பீர்க்கடையில கெட்டுப்போன சிப்பிக்கறி தின்னுருக்கான். கடைக்காரனும் இதே கதியிலதான் கிடக்கான். ரெண்டு நாள்ல எந்திரிச்சிடுவான்.”

ரட்கினுக்கு ஏமாற்றத்தை மறைக்கத் தெரியவில்லை. தொப்பியை எடுத்தான்.

“ஐயா,” என்றாள் டோர்காஸ். அவள் கை இப்போது மேஜைமேல் இருந்தது. “மணிக்கட்டப் பத்திக் கேட்டீங்களே. அவருதான் முறுக்கினாரு. ரொம்ப நாளாவே அடிக்கிறாரு.”

ரட்கின் அந்தக் கையைப் பார்க்கவில்லை. “அவன்தான் பிழைச்சுக்கிட்டானே. இனி அது உங்க வீட்டு விவகாரம்மா.”

அவன் போன பிறகும் பெண்கள் போகவில்லை. லவீனியா நாற்காலியை இழுத்துப் போட்டு டோர்காஸை உட்கார வைத்தாள். உள்ளே ஜோசையா தண்ணீர் கேட்டு முனகினான். மறுபடியும் கேட்டான்.

டோர்காஸ் எழுந்திருக்கவில்லை.