தூக்கித் திறக்கும் அலமாரி

அலமாரிக்காரர் என்று சொன்னால்தான் அந்தத் தெருவில் அவரைத் தெரியும். தச்சுப் பட்டறை வைத்திருந்தார். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் கதவு, ஜன்னலைத்தான் குசலம் விசாரிப்பார், மனிதர்கள் பிறகுதான். அவர் வேலையில் குறை என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், நிற்கவைத்து விளக்கம் சொல்லியே ஆளை ஒரு வழி பண்ணிவிடுவார். அவர் மனைவிக்கு இதெல்லாம் அத்துப்படி.

அன்று பட்டறைக்கு விடுமுறை. மத்தியானம் இருவரும் கண் அயர்ந்திருந்தபோது பின்கதவு உடையும் சத்தம் கேட்டது. முதலில் எழுந்தது அவள்தான். படுக்கையறைக் கதவைத் தாழிட்டு, போலீசுக்கு போன் போட்டு, குசுகுசுவென்று விலாசம் சொன்னாள்.

"சத்தம் போடாதீங்க. யாரும் வெளிய போகாதீங்க. வண்டி கிளம்பிடுச்சு" என்றது போனில் ஒரு பெண் குரல்.

சத்தம் போடாமல் இருப்பது சுலபம். வெளியே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய ஆள்தான் பனியனோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

கூடத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். பிறகு மரம் முனகியது.

"அலமாரியைக் கம்பியால நெம்புறாங்க" என்றார். அவர் முகம் சுண்டிப்போனது, பயத்தால் அல்ல. "அதுவும் கீல் பக்கம் நெம்புறான், கூறுகெட்டவன்."

அவரே செய்த அந்த அலமாரியின் பூட்டு வெறும் கண்துடைப்பு. கதவை லேசாகத் தூக்கி இழுத்தால் திறந்துவிடும்.

"தூக்கித் திறக்கணும்னு மட்டும் சொல்லிட்டு வந்துடறேன்."

"திருடனுக்கா?"

"கதவு பிளந்துடும்."

"உங்க மண்டை பிளந்துடும். உட்காருங்க."

மறுபடி ஒரு 'மடார்'. அவர் கை தாழ்ப்பாளுக்குப் போய்விட்டது. பிடித்து இழுத்தால் நிற்கிற ஆளும் இல்லை, கெஞ்சினால் கேட்கிற ஆளும் இல்லை.

"போனா போகட்டும் விடுங்க" என்றாள் காதோரமாக. "எப்பவுமே அது கோணல்தானே."

கை நின்றது. "எது கோணல்?"

"இடது கதவு. திறந்தா கீச்சுங்குது வேற. வர்றவங்க எல்லாம் சொல்லிச் சிரிப்பாங்க. மனசு நோகுமேன்னுதான் நான் சொல்லல."

அலமாரிக்காரர் திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தார். வெளியே கம்பியோடு இருவர் இருப்பதே அவருக்கு மறந்துபோனது. யார் சிரித்தது? எப்போது? மட்டம் வைத்துப் பார்த்த கதவல்லவா அது? எல்லாவற்றையும் குசுகுசுப்பாகவே கேட்டார், அந்த மட்டுக்கும் புண்ணியம். அவளும் விடாமல், இல்லாத குறையை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். மெத்தைமேல் விரலால் அளவு போட்டு அவர் வாதாடிக்கொண்டிருந்தபோது சைரன் கேட்டது. கூடத்தில் கால்கள் தடதடவென்று ஓடின.

போலீஸ்காரர் குரல் கொடுத்த பிறகே அவள் தாழ்ப்பாளை எடுத்தாள். அலமாரி பிளந்து கிடந்தது. அவருக்கோ வேறு கவலை.

"உண்மையைச் சொல்லு. கீச்சுங்குதா?"

"இல்லீங்க. கீச்சும் இல்ல, கோணலும் இல்ல."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னே?"

"வேற எதைச் சொன்னா நீங்க உட்கார்ந்திருப்பீங்க?" அதுவரை கல்லாக நின்றவளின் கைகள் இப்போதுதான் நடுங்கத் தொடங்கின. "அலமாரி போனா இன்னொண்ணு செஞ்சுடுவீங்க. நீங்க போயிருந்தா நான் எந்தப் பட்டறையில போய்க் கேக்குறது?"

அலமாரிக்காரர் அவள் கைகளைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். நடுக்கம் நிற்கும்வரை விடவில்லை.

"சேதம் ஏதாவது உண்டா?" என்று கேட்டார் போலீஸ்காரர்.

"ஒண்ணுமில்லீங்க" என்றார் அவர், அலமாரிப் பக்கம் திரும்பாமலே.